பழைய காமிராவா, புதிய காமிராவா?

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, நமது நெசவாளர் உறுப்பினர் ஒருவருடைய மகள் எழுதியது. தகப்பனார் தறியிலிருந்து இறக்கும் சேலைகளைப் படமெடுத்து, வெளியூர் வாடிக்கையாளருக்கு அனுப்பி, விரும்பிக் கேட்பவர்க்குத் தபாலில் சேர்ப்பிக்கும் பொறுப்பை அவர் இரண்டு வருஷங்களாக ஏற்று நடத்தி வருகிறார். இதுகாறும் கைப்பேசியிலேயே படமெடுத்து வந்திருக்கிறார். அண்மையில் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலை ஒன்றை வாங்கிய அம்மையார் ஒருவர், "படத்தில் கண்டது நீலம், வந்திருப்பது பச்சை" என்று கூறி அதைத் திருப்பியனுப்பிவிட்டாராம். போக வரத் தபால் செலவு நஷ்டம். "அதை விடவும், ஐயா, பெட்டியைப் பிரித்தபோது அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை" என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

அவர் நம்மிடம் கேட்ட கேள்வி வேறு. ஒரு காமிரா வாங்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருக்கிறார். இரண்டு காமிராக்கள் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டும் ஜப்பானியக் கம்பெனியான கானன் செய்தவை. இரண்டும் புதிதாகக் கற்பவர்க்கென்று செய்யப்பட்டவை. ஒன்று 2018இல் வெளிவந்த எம் 50; ஒருவர் உபயோகித்து விற்பது. மற்றொன்று 2023இல் வெளிவந்த ஆர் 50. கடையிலிருந்து புதிதாக வாங்குவது. பழையதற்கு ஏறத்தாழப் பாதி விலையே கேட்கிறார்களாம். புதியதை வாங்கினால் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடும். பழையதை வாங்கினால் நல்ல விளக்கு ஒன்றும் வாங்கலாம். வளைகாப்பு, காதுகுத்து போன்ற சிறு விசேஷங்களுக்குப் படமெடுத்துக் கொடுத்து நாலு காசு சம்பாதிக்கலாம் என்ற எண்ணமும் அவருக்கு உண்டு. "எதை வாங்கட்டும்?" என்பது கேள்வி.

இத்தகைய கேள்விகள் வேறு சில உறுப்பினர்களிடமிருந்தும் வந்துள்ளமையால், பதிலைக் கடிதத்தோடு நிறுத்தாமல் இங்கேயும் எழுதுகிறோம். நாம் இத்துறையில் நிபுணர்கள் அல்லோம். நண்பரான ஸ்டூடியோ முதலாளி ஒருவர் இரண்டு காமிராக்களையும் நான்கு நாட்களுக்கு நம்மிடம் ஒப்படைத்தார். சங்கத்து முன்தாழ்வாரத்தில் பட்டும் பருத்தியும் விரித்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த மஞ்சள் கிழங்கையும் வாழைத்தாரையும் வைத்து, நாம் படமெடுத்துப் பார்த்தோம். அதில் கண்டவற்றையும், கம்பெனி வெளியிட்டுள்ள விவரங்களையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதற்கண், கண்ணாடியில்லாக் காமிரா என்பது யாதெனத் தெரிந்துகொள்வது நலம். முன்னாட்களில் ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கிய பெரிய காமிராக்களில், லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, எடுப்பவர் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்ற ஓசையுடன் மேலெழுந்து வழிவிடும். அந்தக் கண்ணாடிக்கு இடம் வேண்டியிருந்தபடியால், லென்ஸுக்கும் படம் விழும் தகட்டுக்கும் இடையே நிறைய இடைவெளி விடவேண்டியிருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, தகட்டில் விழும் உருவத்தையே மின்திரையில் காட்டிவிட்டால் இடைவெளி சுருங்கும், காமிராவும் சிறுக்கும். இதுவே மிர்ரர்லெஸ் எனப்படுவது. எம் 50 பாட்டரியுடன் சேர்த்து 390 கிராம். ஆர் 50 அவ்வாறே 375 கிராம். தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்த இடைவெளி விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் அதற்கு வருவோம்.

அசையாத பொருளை நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எது பழைய காமிரா எடுத்தது, எது புதிய காமிரா எடுத்தது என்று பிரித்தறிய முடிகிறதா? நம்மால் முடியவில்லை. ஸ்டூடியோ நண்பராலும் முடியவில்லை என்பதை அவர் அனுமதியுடன் சொல்கிறோம். ஆச்சரியப்படுவதற்கில்லை. ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் தகடு இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவினது. பழையதில் 24.1 மெகாபிக்சல், புதியதில் 24.2. குறுக்கே 6000 புள்ளிகள், நெடுக்கே 4000 புள்ளிகள். அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலப் படம் கிடைக்கும். இதற்குமேல் ஒரு சேலை விற்பனைக்குத் தேவையில்லை. ஐந்து வருஷ இடைவெளியில் இந்த அம்சத்தில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் நிகழவில்லை என்பதை விளம்பரங்கள் சொல்லமாட்டா.

நிற்க. திரும்பி வந்த மயில்கழுத்துச் சேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மயில்கழுத்து என்பது ஒரு நிறமன்று, இரு நிறம் என்பது நெய்பவர்க்குத் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம் ஓங்கும். மறுபக்கம் சாய்த்தால் பச்சை ஓங்கும். ஒரே ஒரு படத்தை ஒரே கோணத்தில் எடுத்தால், எந்தக் காமிராவும் பாதி உண்மையையே காட்டும். நாம் ஆர் 50ஐக் கொண்டு நேராக எடுத்த படத்தில் அச்சேலை நீலமாகவே விழுந்தது. பக்கவாட்டில் நகர்ந்து எடுத்ததும் பச்சையாயிற்று. எம் 50லும் அதே கதைதான். ஆகவே அந்த அம்மையார் கூறியது பொய்யன்று. அந்தப் பெண் அனுப்பிய படமும் பொய்யன்று. இரண்டு கோணங்களில் இரண்டு படங்களோ, மடிப்பைப் புரட்டிக் காட்டும் பத்து விநாடிச் சலனப்படமோ அனுப்பியிருந்தால் சேலை திரும்பியிராது.

நிறம் பிழைபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு; அவையும் பெரும்பாலும் காமிராவின் குற்றமல்ல. கைப்பேசி தன் இஷ்டத்திற்கு நிறத்தைக் கூட்டி, நிழலை வெளுப்பாக்கி, பார்வைக்கு இனிமையாக்கித் தருகிறது. முகம் எடுப்பதற்கு அது சரி. அரக்கு நிறச் சேலைக்குச் சரியன்று. காமிராவில் அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. சேலை விரித்த இடத்திலேயே, அதே வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் நிற அட்டையையோ வைத்து ஒரு படம் எடுத்து, "இதுதான் வெள்ளை" என்று காமிராவுக்குச் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒயிட் பாலன்ஸ் என்று பெயர். இரண்டு காமிராவிலும் இந்த ஏற்பாடு உண்டு. சில வெள்ளைத் தாள்களில் நீலச்சாயை கலந்திருப்பதால் சாம்பல் அட்டையே உசிதம். ஜன்னல் வெளிச்சமும் மின்விளக்கும் ஒருசேர விழும் இடத்தில் மட்டும் படமெடுக்கலாகாது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும்.

விளக்கு வாங்குவோர் அதன் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பார்க்கவேண்டும். சூரிய ஒளியில் தெரியும் நிறத்திற்கு எவ்வளவு நெருங்கி அவ்விளக்கு நிறங்களைக் காட்டும் என்பதற்கான மதிப்பு அது, உச்சம் 100. 95க்கு மேலிருந்தால் நலம். மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் சிவப்பு குறைவு. அந்த ஒளியில் குங்குமச் சிவப்பு மண்ணிறமாகத் தோன்றும்; அதை எந்தக் காமிராவும் பிற்பாடு முழுமையாகத் திருத்தித் தராது.

துணி எடுப்பவர்க்கு மற்றொரு தொல்லை உண்டு. சிறு கட்டம் போட்ட பருத்திச் சேலையை எம் 50இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, துணியில் இல்லாத அலைகள், நீர்க்கோலம் போல வளைந்து வளைந்து ஓடின. முதலில் லென்ஸில் ஏதோ கோளாறு என்று எண்ணினோம். ஆர் 50இலும் அவ்வாறே வந்தது. துணியின் இழைகள் ஒரு வலை. சென்சாரின் புள்ளிகள் மற்றொரு வலை. இரண்டின் கண்ணளவும் நெருங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்து இல்லாத கோலத்தை உண்டாக்குகின்றன. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு அசைத்துப் பார்த்தால் விளங்கும். இதற்கு மொய்ரே என்று பெயர். இச்சொல்லே நெசவிலிருந்து போனதுதான். பிரெஞ்சு நாட்டில், கோடு விழுந்த பட்டை இரட்டையாக மடித்துக் கனத்த உருளைகளுக்கிடையே அழுத்தி, நீரலை போன்ற கோலம் உண்டாக்குவர். அந்தப் பட்டுக்குத்தான் மொய்ரே என்ற பெயர் வழங்கிற்று. பரிகாரம் எளிது. காமிராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தலாம். அல்லது கோணத்தைச் சிறிது திருப்பலாம். சிறிய திரையில் சுருக்கிப் பார்க்கும்போது சில சமயம் திரையே இந்த அலைகளை உண்டாக்கிக் காட்டும். ஆதலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை பார்த்ததில் பழையதும் புதியதும் சமமாகவே நின்றன. அசையும் பொருளுக்கு வரும்போது வேறுபாடு வெளிப்படுகிறது. எம் 50இல் முகத்தைக் கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் வசதி உண்டு. கண்ணைக் கண்டறியும் வசதியும் உண்டு. ஆனால் ஆள் அசையாதிருக்கும்போது மட்டுமே கண்ணைப் பிடிக்கும். ஆர் 50 அசையும் ஆளின் கண்ணையும் விடாது தொடர்கிறது. மனிதர் மட்டுமன்றி நாய், பூனை, பறவை, வாகனம் ஆகியவற்றையும் தானே இனங்கண்டு தொடரும். சங்கத்துக் காவலாளியின் மகன், நாலு வயதுக் குழந்தை, தாழ்வாரத்தில் ஓடி விளையாடியதை இரண்டிலும் எடுத்தோம். பழையதில் எடுத்தவற்றுள் பாதிக்குமேல் முகம் மங்கிப் பின்சுவர் தெளிவாயிருந்தது. புதியதில் சிலவே கெட்டன. வளைகாப்பும் காதுகுத்தும் எடுப்பவர்க்கு இது அற்ப விஷயமன்று; காதுகுத்தும் கணம் இரண்டாம் முறை வராது.

சலனப்படத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. எம் 50இல் 4கே எனும் உயர்தரச் சலனப்படம் உண்டு என்று விளம்பரம் கூறும். உண்மைதான், ஆனால் 4கே எடுக்கும்போது அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே உபயோகிக்கிறது. அதனால் காட்சி ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் நெருங்கிவிடுகிறது; அகன்ற லென்ஸ் அகலத்தை இழக்கிறது. முழுச் சேலையையும் காட்ட நாம் தாழ்வாரத்தை விட்டு வாசற்படி வரை பின்வாங்க நேர்ந்தது. அத்துடன், 4கே எடுக்கையில் அதன் சிறந்த ஃபோகஸ் முறையும் வேலை செய்யாது. முந்தானையைத் தூக்கிக் காட்டியபோது படம் மங்குவதும் தெளிவதுமாகத் தத்தளித்தது. அந்தச் சலனப்படத்தை யாருக்கும் காட்ட இயலவில்லை. ஆர் 50 சென்சாரின் முழு அகலத்தையும் படித்து, அதைச் சுருக்கி 4கே ஆக்குகிறது; ஃபோகஸும் கலங்குவதில்லை. பழையதில் ஒரே மூச்சில் அரைமணி நேரத்திற்குமேல் பதிவு செய்ய இயலாது. புதியதில் ஒரு மணி நேரம். எனினும் பழையதிலும் 4கே வேண்டாமென்று சாதாரணத் தரத்தில் எடுத்தால் ஃபோகஸ் நன்றாகவே தொடர்கிறது. கைப்பேசித் திரையில் பார்ப்பவர்க்கு அது போதுமென்பது நமது அபிப்பிராயம். ஸ்டூடியோ நண்பர் இதை ஒப்பவில்லை.

இப்போது, முன்பு சொன்ன இடைவெளிக்கு வருவோம். நமது கருத்தில் இதுவே தலையாய விஷயம். கடையில் இதைப் பற்றி யாரும் தாமாகச் சொல்வதில்லை.

காமிராவில் லென்ஸ் மாட்டும் வாய்ப்புறத்திற்கு மவுண்ட் என்று பெயர். கண்ணாடியுள்ள பழைய கானன் காமிராக்களில் அந்த வாய்க்கும் சென்சாருக்கும் இடையே 44 மில்லிமீட்டர். அந்த வாய்க்கு ஈ.எஃப். என்று பெயர். 2012இல் கானன் தனது முதல் கண்ணாடியில்லாக் காமிராவைக் கொண்டுவந்தபோது ஈ.எஃப்.-எம் என்ற புதிய வாயை வைத்தது. அதில் இடைவெளி 18 மில்லிமீட்டர். எம் 50 அந்த வம்சத்தைச் சேர்ந்தது. எம் 50 வெளிவந்த அதே 2018ஆம் ஆண்டில், சில மாதங்களுக்குப் பின், கானன் பெரிய சென்சார் காமிராக்களுக்கென ஆர்.எஃப். என்ற மற்றொரு வாயை அறிவித்தது. அதில் இடைவெளி 20 மில்லிமீட்டர். வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான்.

அந்த 2 மில்லிமீட்டரால் வந்த வினையைப் பாருங்கள். ஈ.எஃப்.-எம் லென்ஸ் தனக்குப் பின்னே 18 மில்லிமீட்டர் தூரத்தில் உருவத்தை விழவைக்குமாறு செய்யப்பட்டது. அதை ஆர்.எஃப். காமிராவில் மாட்டினால் உருவம் சென்சாருக்கு முன்னாலேயே விழுந்துவிடும். இடையில் வளையம் வைத்துச் சரிசெய்யலாமே என்றால், வளையம் தூரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. மாறாக, ஆர்.எஃப். லென்ஸை எம் காமிராவில் மாட்டுவதற்கும் வழியில்லை. அதன் வாய் 54 மில்லிமீட்டர் அகலம், எம் காமிராவின் வாய் 47 மில்லிமீட்டர். ஆகவே ஒரு வீட்டுப் பாத்திரத்திற்கு மறுவீட்டு மூடி பொருந்தாது.

கானன் 2022 முதல் சிறிய சென்சார் காமிராக்களையும் ஆர்.எஃப். வாயிலேயே செய்யத் தொடங்கிற்று. ஆர் 50 அவற்றுள் ஒன்று. எம் வரிசையின் உற்பத்தி 2023இல் முடிவுற்றது. அந்த வாய்க்குக் கானன் செய்த லென்ஸ்கள் மொத்தம் எட்டே. ஒன்பதாவது இனி வரப்போவதில்லை.

இதன் பொருள், எம் 50 வாங்குபவர் ஏமாந்தார் என்பதன்று. முடிந்துபோன வரிசையிலும் நல்ல சரக்கு உண்டு. 22 மில்லிமீட்டர், எஃப்/2 லென்ஸ் உள்ளங்கையில் அடங்குவது. மங்கிய வெளிச்சத்தில் மிக நன்றாக வேலை செய்வது. நம் அங்கத்தினர்க்கு அதைவிடப் பயன்படக்கூடியது 28 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். அதன் முகப்பிலேயே சிறு விளக்குகள் பதித்திருக்கின்றன. துணிக்கு மிக அருகே கொண்டுபோய் ஜரிகையின் இழையை, பொருளின் அளவை விடப் பெரிதாகவே சென்சாரில் விழச் செய்யலாம். ஜரிகையில் வெள்ளிச்சரடு பட்டு நூலில் சுற்றியிருப்பதைக் கூட இதில் காட்டினோம். அந்தப் படத்தைப் பார்த்த முதிய நெசவாளர் ஒருவர், "இதைக் காட்டிவிட்டால் பவர்லூம்காரன் நம் பெயரைச் சொல்லி விற்கமுடியாது" என்றார். விளக்கோடு கூடிய அத்தகைய லென்ஸைக் கானன் ஆர்.எஃப். வாய்க்கு நாம் அறிந்தவரை செய்யவில்லை.

எம் 50 வாங்குவோர் முடிந்துபோன வரிசையில் மேலும் மேலும் பணம் போடலாகாது என்பதே நாம் சொல்லவருவது. அதற்கு ஒரு நடுவழி உண்டு. கண்ணாடிக் காமிராக்களுக்கான பழைய ஈ.எஃப். லென்ஸ்கள் 44 மில்லிமீட்டர் தூரத்திற்குச் செய்யப்பட்டவையாதலால், இடையே வளையம் வைக்கத் தாராளமாக இடமிருக்கிறது. எம் வாய்க்கு ஒரு வளையம், ஆர்.எஃப். வாய்க்கு ஒரு வளையம் என்று கானனே செய்திருக்கிறது. 50 மில்லிமீட்டர், எஃப்/1.8 ஈ.எஃப். லென்ஸ் மலிவாகக் கைமாறுவது. அதை இன்று எம் 50இல் மாட்டலாம். நாளை ஆர் 50 வாங்கினால் வளையத்தை மட்டும் மாற்றி அதிலும் மாட்டலாம். லென்ஸில் போட்ட பணம் வீணாகாது.

வம்சம் என்று சொன்னோமல்லவா? புதிதாக வெளிவந்ததெல்லாம் புதிய வம்சம் என்று எண்ணிவிடவும் கூடாது. ஆர் 50 வந்த அதே 2023இல், ஆர் 100 என்ற மலிவான காமிராவையும் கானன் வெளியிட்டது. வாய் புதிய ஆர்.எஃப். வாய்தான், உள்ளே கணக்கிடும் மூளையோ எம் 50இல் இருந்த அதே டிஜிக் 8. 4கே எடுத்தால் அதே போல் காட்சி நெருங்கும். போதாததற்கு, எம் 50இன் திரை வெளியே மடிந்து எப்பக்கமும் திரும்பும், தொட்டால் வேலை செய்யும். ஆர் 100இன் திரை அசையாது, தொட்டாலும் கேளாது. விற்பனையாளர் அதைப் "புத்தம் புதியது" என்று நீட்டினால், ஒரு கணம் யோசிப்பது நலம்.

சில சிறு விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எம் 50இன் பாட்டரி சிறியது. கம்பெனிக் கணக்குப்படி ஒரு முறை ஏற்றினால் 235 படங்கள். விசேஷ வீட்டுக்குப் போகிறவர் கூடுதலாக இரண்டு பாட்டரி வைத்திருக்க வேண்டும். ஆர் 50இன் பாட்டரி சற்றுப் பெரிது, யு.எஸ்.பி.-சி கம்பி வழியே காமிராவிலேயே மின்சாரம் ஏற்றலாம். எம் 50இல் பாட்டரியைக் கழற்றி அதற்குரிய சார்ஜரில்தான் போட வேண்டும். மறுபக்கம், எம் 50இன் தலையில் பழைய பாணிப் பிளாஷை நேரே மாட்டலாம். ஆர் 50இன் தலையில் புதுவிதத் தொடுமுனைகள் இருப்பதால் இடையில் ஓர் இணைப்பான் வாங்க வேண்டும். புதியதோடு வரும் 18-45 லென்ஸ், பழையதோடு வரும் 15-45 லென்ஸைக் காட்டிலும் அகலம் குறைந்தது. ஒடுங்கிய அறையில் தறி முழுவதையும் எடுக்க நினைப்பவர்க்கு இது உறைக்கும். ஆர் 50இல் ஓசையின்றிப் படமெடுக்கும் முறை ஒன்று உண்டு. குழல்விளக்கின் கீழ் அதை உபயோகித்தபோது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தன. நம் நாட்டு மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பதே காரணம். அம்முறையை நிறுத்திவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்ததும் பட்டைகள் மறைந்தன.

இனி, அந்தப் பெண்ணுக்கு நாம் எழுதிய பதில். சேலை திரும்பி வந்தது கைப்பேசியின் குற்றத்தால் மட்டுமன்று. ஒற்றைப் படத்தாலும், கலப்பு வெளிச்சத்தாலுமே. ஆகவே விளக்கு வாங்கக் காசு மீதியில்லாமல் புதிய காமிராவை வாங்குவது, நூலுக்குப் பணம் வைக்காமல் தறி வாங்குவது போலாகும். சேலையைப் படமெடுப்பதே இன்றைய ஜீவனமாதலால், பழைய எம் 50ஐயும், 95க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள ஒரு விளக்கையும், ஒரு சாம்பல் அட்டையையும் வாங்கலாம் என்று எழுதினோம். எம் வாய்க்கான லென்ஸில், மேக்ரோ ஒன்றைத் தவிர, வேறு எதிலும் பணம் போடவேண்டாம் என்றும் சேர்த்தோம். விசேஷப் படங்களில் நிலையான வருமானம் வரத் தொடங்கினால், அப்போது ஆர்.எஃப். வாயுள்ள காமிராவுக்கு மாறிக்கொள்ளலாம்.

நம்முள் ஒருவர் இதற்கு உடன்படவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. "ஓராண்டில் விற்று மறுபடி வாங்குவதற்கு, ஆறு மாதம் பொறுத்து ஒரேயடியாகப் புதியதை வாங்கட்டுமே, அதுவரை ஜன்னல் வெளிச்சமும் கைப்பேசியும் போதுமே" என்பது அவர் கட்சி. காதுகுத்தும் வளைகாப்பும்தான் முக்கிய நோக்கமென்றால் அவர் சொல்வதே சரி. அதையும் அப்படியே கடிதத்தில் எழுதி, முடிவை அவரிடமே விட்டோம்.

பழையதை வாங்கத் துணிபவர் பணம் கொடுக்குமுன் பார்க்கவேண்டியவை சில உண்டு. லென்ஸைக் கழற்றி, அதன் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்து மறுபக்கம் பார்க்கவும். சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். மழைக்காலத்தில் பெட்டியில் பூட்டிவைத்த லென்ஸ்களில் அது சகஜம். அத்தகைய லென்ஸைத் தொடவேண்டாம். திரையை இருபுறமும் மடித்துச் சுழற்றிப் பார்க்கவும். கீல் அருகே உள்ளே ஓடும் கம்பி அறுந்திருந்தால் சில கோணங்களில் திரை அணைந்துவிடும். பாட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் வைத்து உருட்டிப் பார்க்கவும். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரையோ தெளிந்த ஆகாயத்தையோ ஒரு படம் எடுத்தால், சென்சாரில் தூசியோ கீறலோ இருப்பது கரும்புள்ளியாகத் தெரியும். தூசி துடைத்தால் போகும், கீறல் போகாது. இத்தனையும் பார்ப்பதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காமலிருப்பதே மேல்.

அந்தப் பெண்ணிடமிருந்து சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. காமிரா இன்னும் வாங்கவில்லை. விளக்கையும் அட்டையையும் முதலில் வாங்கிவிட்டாராம். திரும்பி வந்த மயில்கழுத்துச் சேலையைக் கைப்பேசியிலேயே இரண்டு கோணத்தில் எடுத்து அனுப்பியதில், வேறொருவர் அதைக் கேட்டிருக்கிறார்.